மலையில் ஒரு ஊர்த் தாவரத் தோட்டம்: எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடி

நான் தேயிலைத் தவறணையில், அதாவது நாற்று வளர்க்கிற இடத்தில், இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே, தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா போட்டிருந்த கால் ஏக்கரில் ஊரே சேர்ந்து ஒரு தாவரத் தோட்டம் போடலாம் என்று கிளம்பியபோது, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். செடி வளர்க்கத் தெரியும். ஆனால் எதை எதோடு வைப்பது என்று தெரியாது. அது முதல் வருடமே வெளுத்துப்போனது. பூவின் நிறம் பார்த்துப் பாத்தி பிரித்தோம்: சிவப்பெல்லாம் ஒரு பக்கம், மஞ்சளெல்லாம் ஒரு பக்கம். இரண்டு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பூ உதிர்ந்த பிறகு வந்த ஒரு சின்னப் பிள்ளை, "இது ஏன் இதுக்குப் பக்கத்துல நிக்குது மாமா?" என்று கேட்டது. நான் தலையைச் சொறிந்தேன்.

மறுவருடம் எல்லாவற்றையும் பெயர்த்து நட்டோம். இப்போது எங்களுக்கு ஒரே விதிதான். ஒரு பாத்திக்கு ஒரு கதை. பாத்திக்கு முன்னால் நின்று அந்தக் கதையை நாலு வரியில் சொல்ல வராவிட்டால் அந்தப் பாத்தி வேண்டாம். கதைக்குள் வராத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வேண்டாம். முதல் வருடத்துக்கு மூன்று கதை போதும். பேராதனைத் தாவரத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து பத்துப் பகுதி கேட்பார்கள். அது 1821இலிருந்து வளர்ந்த 147 ஏக்கர்த் தோட்டம் என்று சொல்லுங்கள்.

நடுவதற்கு முன் கான் (மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால்) வெட்டுங்கள். தேயிலை மலையில் வெட்டுவது போலவே சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர் மெதுவாக இறங்குகிற மாதிரி. நாங்கள் இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். முதல் பெருமழையில் பாதி மேல்மண் லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. மண் இளைத்துப்போயிருந்தால் ஒன்றரை வருடமாவது மானாப்புல்லோ கோத்தமாலாப் புல்லோ போட்டு, வெட்டி அங்கேயே பரப்புங்கள். தேயிலையை மறுநடவு செய்வதற்கு முன் செய்கிற அதே வேலைதான்.

மண்ணின் குணத்தைச் சொல்ல எங்களிடம் ஒரு செடி இருக்கிறது: ஹைட்ரேஞ்சியா. ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு கம்பு ஒடித்தேன். ஒன்றைப் பழைய தேயிலை மண்ணில் ஊன்றினேன், இன்னொன்றை வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கிற சுவரின் அடியில். முதலாவது நீலமாகப் பூத்தது. சுவரடியில் நின்றது ரோஸ். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, அதனால் நீலம். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்துவிடுகிறது. நீலமாகப் பூக்கிற இடத்தில் கமெலியா, அசேலியா எல்லாம் கவலையில்லாமல் வரும். கீரைக்கும் மூலிகைக்கும் அந்த மண் ஆகாது, டொலமைட் சுண்ணாம்பு போட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, பாத்திகளுக்கு வருவோம். என் மனதுக்குப் பிடித்தது வாசலிலேயே இருக்கிற மலைச் சரித்திரப் பாத்தி. அதில் நிற்பது மூன்றே வகை: கோப்பி, சிங்கோனா, தேயிலை. இந்த வரிசையை மாற்றக்கூடாது. நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு முதலில் வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. இது எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. இருபது வருடம் போல்தான் தாங்கியது, கோப்பித் தோட்டங்கள் விழுந்தன. இடையில், பட்டையிலிருந்து எடுக்கிற கொயினா என்ற மலேரியா மருந்துக்காகச் சிங்கோனாவை நட்டுத் தள்ளினார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல தாவரத் தோட்டமே 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கியதுதான். எல்லோரும் நட்டதில் பட்டையின் விலை சரிந்தது. கடைசியில் நிலைத்தது, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் கோப்பியில் ஒரு செடிக்கு நான் மருந்து அடிப்பதில்லை. இலையின் மேல்பக்கம் வெறும் மஞ்சள் புள்ளிதான் தெரியும். திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில் மாவு பூசியது போல் இருக்கும். கட்டைவிரலால் தடவச் சொல்வேன், விரலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். "இந்தத் தூள்தான் அத்தனை தோட்டத்தையும் தின்னுச்சு" என்றதும் சத்தம் அடங்கிவிடும். (கை கழுவிவிட்டு அடுத்த கோப்பிச் செடியைத் தொடச் சொல்லுங்கள்.) சிங்கோனாவில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே நாற்று. ஒன்று கான் வெட்டாத காலத்தில் தண்ணீர் தேங்கி வேரழுகிச் செத்தது. தேயிலையில் இரண்டு தூர் வையுங்கள். ஒன்றைக் கவ்வாத்து வெட்டி (கிளையைக் கழித்து), மட்டம் பார்த்துக் கொழுந்து எடுங்கள். மற்றதைக் கத்தி படாமல் விடுங்கள். எங்களுடையது இப்போது என் தலைக்கு மேலே போய்விட்டது, வெள்ளைப் பூவும் பூக்கிறது. நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது தேயிலையா? இவ்வளவு ஒசரமா போகுமா?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது கைமருந்துப் பாத்தி. வல்லாரை, ஆடாதோடை, கற்பூரவள்ளி, தூதுவளை. பாதையோரமாகப் போடுங்கள், எப்படியும் ஆட்கள் கிள்ளுவார்கள். நுவரெலியா உயரமென்றால் சனவரி, பெப்ரவரி உறைபனியில் கற்பூரவள்ளி கருகிவிடும், மூடவேண்டும். வேம்பில்லாமல் மருந்துப் பாத்தியா என்று நான் வவுனியாவிலிருந்து கன்று கொண்டுவந்து மூன்று தடவை வைத்தேன். மூன்றும் குளிரில் போயின. பலகையில் செடியின் பெயரைப் போடுங்கள், எந்த நோய்க்கு எவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள்.

காட்டுச் செடிப் பாத்தி வைத்தால் மரப்பன்னம், ஊதாப் பூப் பூக்கிற போவிட்டியா, நெலு எனப்படும் நம் குறிஞ்சி வகை, சிவப்புப் பூ மரமான மகாரத்மல் இவை போதும். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவிலிருந்தோ காப்புக் காட்டிலிருந்தோ ஒரு வேரைக்கூடப் பிடுங்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். நாற்று விற்கிற இடத்தில் வாங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று உண்ணிச்செடியை உள்ளே விடாதீர்கள். அதுவும் ஒரு காலத்தில் அழகுக்காக வந்து, பிறகு கண்ட இடமெல்லாம் பரவியதுதான்.

தாவரத் தோட்டத்துக்கும் வெறும் பூந்தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னைக் கேட்டால் குறிப்பு எழுதுகிற ஒரு கொப்பிதான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண்: நட்ட வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது. பக்கத்தில், யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது. செத்தால் செத்த தேதி. அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். பெயர்ப்பலகைக்கு வண்ணம் தீட்டிய தகரம் வேண்டாம், எங்கள் மழைக்கு ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். குளிர்பான அலுமினியக் கேனை வெட்டி விரித்து, மடித்த துணிமேல் வைத்து, போல்பொயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை போனாலும் பள்ளம் போகாது. தமிழ், சிங்களம், விஞ்ஞானப் பெயர் மூன்றையும் எழுதிக் கம்பியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மரத்தில் ஆணி அடிக்கவேண்டாம்.

நடும் காலம் ஹட்டன் பக்கமென்றால் தென்மேல் மழையின் முதல் ஆவேசம் அடங்கிய பிறகு. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர்.

அப்புறம் ஒரு தொல்லை வரும். ஒரு அம்மாயி பால்மா டின்னில் டேலியாக் கிழங்கோடு வருவார். "தம்பி, இத எங்க வைப்ப?" எந்தக் கதையிலும் டேலியா இல்லை. இல்லை என்று சொல்லவும் முடியாது. அதற்காகக் கீழ்வேலியோரம் ஒரு விருந்தாளி வரிசை வைத்திருக்கிறோம். வருகிற செடியெல்லாம் முதலில் அங்கேதான், ஒரு மாதம். பூச்சி, நோய் ஏதும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரே மாதிரிக் கதையுள்ள மூன்று செடி அங்கே சேர்ந்தால் அதற்குத் தனிப் பாத்தி. டேலியாவோடு சாமந்தியும் பன்னீர் ரோஜாவும் சேர்ந்து, லயத்து முற்றத்தில் டின்னில் வளர்ந்த பூக்களுக்கென்று ஒரு பாத்தி அப்படித்தான் வந்தது. இப்போது வரிசையில் ஒரு மரத்தக்காளியும் ஒரு பேரிக்கன்றும் நிற்கின்றன. மூன்றாவதாக யாராவது பழக்கன்று கொண்டுவரட்டும் என்று மேல்பக்கம் இடம் ஒதுக்கிக் கான் வெட்டி வைத்திருக்கிறேன்.