உடைந்த கண்ணாடி, ஊசியைக் குப்பையில் போடும் முன்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வரும் அக்காவின் கட்டைவிரலில் போன வாரம் துணிக்கட்டு. கறுப்புப் பையைப் பிரித்தபோது உடைந்த டம்ளர் கிழித்துவிட்டதாம். கையுறை போட்டுத்தான் இருந்தார். மெல்லிய ரப்பர் கண்ணாடிக்கு எம்மாத்திரம்?

கண்ணாடி உடைந்தால் செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டுங்கள். மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல், கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

இன்சுலின் ஊசி இன்னும் ஆபத்து. அதற்கு மறுபடி மூடி போடப் பார்த்தால் உங்கள் விரலிலேயே ஏறும். காலியான கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போட்டு வாருங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடித் தனியாகக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் ஊசியை வீட்டு அபாயக் கழிவாகவே வைத்தன.

அப்புறம், யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.