தூக்கம் வரவில்லையா? மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை

"டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை" என்று ஒரே குறையைச் சொல்லி வருபவர்களில் ஒருவருக்கு இருப்பது தூக்கமின்மை; அடுத்தவருக்குக் குறட்டையோடு வரும் மூச்சுத்தடை; இன்னொருவருக்கு மாலையானால் தொடங்கும் கால் குடைச்சல். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால், எது நம்முடையது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

பழைய நோட்டு ஒன்று போதும். காலையில் எழுந்ததும், படுத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நேரம், இடையில் விழித்திருந்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம் ஆகிய நான்கையும் உத்தேசமாகக் குறியுங்கள். குடித்த காபி, டீ, மது, பகல் தூக்கம், சாப்பிட்ட மருந்துகள் ஆகியவற்றை மாலையில் எழுதுங்கள். துல்லியத்துக்காக இரவில் மணி பார்க்க வேண்டாம். அதுவே தூக்கத்தைக் கலைத்துவிடும்.

படி 2: மூச்சையும் காலையும் கவனியுங்கள்

உரத்த குறட்டை நடுவில் நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா என்று உடன் படுப்பவரைக் கேளுங்கள். அதோடு காலைத் தலைவலியும் பகலில் கண் சொருகுதலும் இருந்தால், வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு, இரவு முழுவதும் மூச்சைப் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுவதே இதற்குக் காரணம். உடல் பருமனும் மதுவும் அதை மோசமாக்கும். முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி அந்த வழியைத் திறந்து வைக்கும் சிபாப் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான்.

ஓய்வாக இருக்கும்போது காலில் இனம்புரியாத குடைச்சல் எழுந்து, நடந்தால் தணிந்து, படுத்தால் திரும்புகிறது என்றால், இரத்தத்தில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும், தூக்கம் வரவழைக்கும் சில மாத்திரைகள் இந்தக் குடைச்சலைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: கணக்குப் போடுங்கள்

மேற்கண்ட இரண்டும் இல்லையென்றால் நோட்டை எடுங்கள். இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவர், தூக்கம் பிடிக்க 60 நிமிடமும் நடுவில் 90 நிமிடமும் விழித்திருந்தால், படுக்கையில் இருந்த 480 நிமிடத்தில் தூங்கியது 330 மட்டுமே. அதாவது 69 சதவீதம். 85 சதவீதத்தைத் தாண்டினால் நல்லது.

இவர் இன்னும் சீக்கிரம் படுத்தால் புரளும் நேரம்தான் கூடும். எனவே உண்மையில் தூங்கும் ஐந்தரை மணி நேரத்தையே படுக்கை நேரமாக்கி, நள்ளிரவு 12.30க்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஒரு வாரச் சராசரி 85ஐத் தாண்டியதும் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. முதல் வாரங்களில் பகல் சோர்வு கடுமையாக இருக்கும் என்பதால் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள். வலிப்பு, இருமுனை மனநோய், மூச்சுத்தடை உள்ளவர்களும் ஓட்டுநர்களும் மருத்துவர் துணையின்றி இதில் இறங்க வேண்டாம்.

படி 4: படுக்கையில் புரளாதீர்கள்

ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குச் சென்று, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, கண் அசரும்போது திரும்புங்கள். கைபேசி வேண்டாம். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் கெஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், கடைசி காபியை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மருத்துவரிடம் போகும் நேரம்

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதமாக இப்படியே இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மனச்சோர்வு, தைராய்டு, நாள்பட்ட வலி ஆகியவையும் பின்னணியில் இருக்கலாம் என்பதால் நோட்டோடு செல்லுங்கள். மேலே சொன்ன பயிற்சிகளை உள்ளடக்கிய நடத்தைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரையைத் தினமும் எடுத்து வருபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரக்கூடும். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.