பெங்களூருக்கு வருகிறீர்களா? ஊர்க் கடனை ‘செட்டில்’ செய்துவிட்டு வராதீர்கள்

ஊரில் கல்விக் கடனையோ கார்டு பாக்கியையோ பாதியில் விட்டுவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஏரியாவில் பிஜி நல்லது, எந்த மெஸ்ஸில் நம்ம ஊர் ரசம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிபில் விஷயத்தை, அதாவது நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. கடன் நின்றுபோனதைச் சொல்ல வெட்கம், வேறென்ன.

ஓசூரைத் தாண்டிவிட்டால் பழைய கடன் பின்னால் வராது என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எல்லாமே பான் எண்ணில் தொங்குகிறது. சிம்மை மாற்றினால் வங்கியின் மெசேஜ்தான் வராது, வட்டி அது பாட்டுக்கு ஏறும். வங்கிக் கடிதங்களும் பழைய முகவரிக்கே போகும். என் நண்பனுக்கு வந்த நோட்டீஸ்களையெல்லாம் அவன் அம்மா பிரிக்காமல் தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், வேலைக்குப் போன பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று.

வந்ததும் முதல் வேலையாக ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் எடுங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஸ்கோர் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பேச்சே வேறு. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், கீழே ஒவ்வொரு கணக்குக்கும் நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

நண்பன் விருதுநகர் பக்கம். இன்ஜினியரிங் படிக்க நாலு லட்சத்துக்குள் கல்விக் கடன், அடமானம் எதுவும் இல்லை, அப்பா கூட்டுக் கடன்தாரர். படித்து முடித்து வேலை கிடைக்காத நேரத்தில் தேர்தல் வந்தது, தள்ளுபடி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு, தெருவில் ஒருத்தரும் கட்டவில்லை, இவனும் கட்டவில்லை. அப்புறம் வங்கியிலிருந்து லோக் அதாலத்துக்கு, அதாவது பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, கூப்பிட்டார்கள். வட்டியோடு சேர்ந்து நின்ற தொகையில் ஒரு பங்கைத் தள்ளி, மிச்சத்தை ஒரே தவணையில் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினான். கையெழுத்து, முத்திரை, ஒரு கடிதம். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்களாம்.

நம்ம ஊர் வழக்கப்படி அது சரிதான். பெரிய மனிதர்கள் முன்னால் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு கொடுத்துவிட்டால் புரோநோட்டைக் கிழித்துப் போடுவார்கள், அதோடு பேச்சு முடிந்தது. வங்கிக்காரர்கள் எதையும் கிழிப்பதில்லை. முழுப் பணமும் கட்டியிருந்தால் ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ என்று வரும், ஒரு ரூபாய் தள்ளுபடி வாங்கினாலும் ‘செட்டில்டு’ என்றுதான் வரும். அடுத்து கடன் கொடுக்கிறவன் அதை ‘இவன் முழுசாகத் தராதவன்’ என்றே படிப்பான். ரிப்போர்ட் தரும் நிறுவனங்கள் இந்த விவரங்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. லோக் அதாலத்தில் முடித்தாலும் சரி, ரெக்கவரி ஏஜென்ட் போனில் பேசி முடித்தாலும் சரி, இதேதான். ‘பாதி கட்டுங்க சார், க்ளோஸ் பண்ணிடறோம்’ என்று குழைவான குரலில் ஒருத்தர் பேசுவார். அவருக்குக் கமிஷன், உங்களுக்கு ஏழு வருடம். அவர் சொல்லும் யூபிஐ எண்ணுக்குத் தப்பித் தவறியும் பணம் அனுப்பாதீர்கள், கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

பெங்களூரில் நல்ல சம்பளம் வந்த பிறகு நண்பன் வீட்டுக் கடன் கேட்டான், கிடைக்கவில்லை. அது போகட்டும். தங்கை நர்சிங் படிக்கக் கடன் கேட்டபோது, கூட்டுக் கடன்தாரரான அப்பாவின் ரிப்போர்ட்டிலும் அதே ‘செட்டில்டு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு கடைக்குக்கூட பாக்கி வைக்காத மனிதர் அவர். எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலைக்கும் இது குறுக்கே வரும். சிபில் பதிவு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே சரி என்றது.

இதற்கு வழி உண்டு, கசப்பான வழி. தள்ளுபடி செய்த தொகையைக் கட்டிவிடுகிறேன், கணக்கை ‘க்ளோஸ்டு’ என்று மாற்றி, பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ சான்றிதழ் கொடுங்கள் என்று வங்கிக்கு எழுத்தில் கேட்க வேண்டும். நேரில் போவது நல்லது. மடிவாளாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுமுன் காலண்டரைப் பாருங்கள், இரண்டாவது நாலாவது சனிக்கிழமை வங்கி கிடையாது. நண்பன் அப்படி ஒருமுறை பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டதோடு திரும்பி வந்தான். பழைய வங்கியே இல்லாமலும் போயிருக்கலாம். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்துவிட்டன. இப்போது உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் கிளை மேலாளர் ‘முடிஞ்ச கணக்குக்கு யாராவது பணம் கட்டுவாங்களா தம்பி?’ என்று சிரித்தாராம். கட்டுகிறோம் சார், உங்க புண்ணியத்தில்.

அது நடக்கிற நேரத்தில் ஸ்கோரை ஏற்ற எளிய வழி, வங்கியில் ஒரு சின்ன எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குவது. பழைய கறை இருந்தாலும் பெரும்பாலும் கொடுப்பார்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, மினிமம் டியூ அல்ல, முழுத் தொகையையும் ஆட்டோபேயில் கட்டுங்கள். நகைக் கடனும் உதவும், ஆனால் வங்கியிலோ பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்தால்தான். தெருமுனை அடகுக் கடையில் ஒழுங்காக வட்டி கட்டியதும், சீட்டு கட்டியதும் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. இங்கே வீட்டு அட்வான்ஸே பல மாத வாடகை கேட்பார்கள், அதற்காக ஒரே ராத்திரியில் ஐந்தாறு லோன் ஆப்களைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகும். ‘15 நாளில் சிபில் சரிசெய்யப்படும்’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மிக்சர் மடிக்க வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பதிவை எவனாலும் அழிக்க முடியாது, தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

திருத்தக் கேட்டு 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் ஆம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்) புகார் போடலாம், செலவில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அந்தத் தேதி இருக்கிற மெயிலை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, நோ டியூ சான்றிதழில் கூட்டுக் கடன்தாரர் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். நண்பனுக்குக் கொடுத்ததில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அவன் ரிப்போர்ட் மாறிவிட்டது, அப்பாவுடையது மாறவில்லை. அவர் பெயரில் தனியாகப் புகார் போட்டு, ஓடிபி வரும்போதெல்லாம் அவரைப் போனில் பிடித்து எண்ணைச் சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறோம்.