அப்பா பெயரிலிருந்த பட்டா

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் தருகிறார்கள் என்றதும், காங்கேயம் பக்கத்தில் குடிசையில் வசிக்கும் நானும் மனு கொடுத்தேன். ஆனால் பட்டா மறைந்த அப்பா பெயரிலேயே இருந்ததால், மனு அப்படியே நின்றுவிட்டது. வேறு வழி தேடாமல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு, அம்மாவும் அக்காவும் தங்கள் பங்கை எனக்கு விட்டுத்தந்து பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரத்தையும் சேர்த்து, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பத்திர அலுவலகத்தில் பெருவிரலில் மை காயாமலே, "உங்கப்பா கட்டோணும்னு நெனச்ச வூடு சாமி" என்றார் அம்மா. பட்டா என் பெயருக்கு வந்ததும் மனு நகர்ந்தது. பணம் வேலை முன்னேற முன்னேறத் தவணையாகவே கணக்கில் ஏறுமென்பதால், அடித்தளத்துக்குக் கையிருப்பு வைத்திருப்பது நல்லது. இப்போது சுவர் சன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது.