கோட் ஓடும் நேரத்தை அளக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குறுவை அறுவடை சமயத்தில் மில்காரர் போன் பண்ணினார். "தம்பி, மாசக் கணக்கு கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்துடலாம் போலருக்கு. என்னன்னு பாருங்க." என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். 0.04 வினாடி. "இங்க நல்லாத்தாண்ணே ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். கீழே எழுதப்போகும் தவறுகளில் பாதி அந்த ஒரு பதிலுக்குள்ளேயே இருந்தது.

முதல் தவறு, என் டேட்டாவை வைத்து அவர் நேரத்தை அளந்தது. என்னிடம் இருந்தது சோதனைக்காக நானே தட்டிப்போட்ட 200 வரி. அவர் கம்ப்யூட்டரில் மூன்று வருஷத்து நெல் வரவு (லாட்), 60,000 வரி. ஒவ்வொரு லாட்டுக்கும் அந்த விவசாயியின் பழைய பாக்கியைக் கண்டுபிடிக்க, என் குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) முழு டேபிளையும் ஒருமுறை புரட்டியது. 200 லாட்டுக்கு 200 வரி என்றால் 40,000 வரி படிக்க வேண்டும். சீசன் மாதத்தில் 2,000 லாட், டேபிளில் 60,000 வரி என்றால் 12 கோடி. டேட்டா 300 மடங்கு கூடியது, வேலையோ 3,000 மடங்கு. அளப்பதற்கு முன் வாடிக்கையாளரிடமிருந்து நிஜ டேட்டாவின் பிரதி ஒன்றை, பெயர், போன் நம்பர் எல்லாம் நீக்கிவிட்டு, வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே அளவுக்குப் போலி டேட்டாவாவது உருவாக்குங்கள்.

பிரதி வந்தது. ஓட்டினேன். 11 வினாடி. அடுத்த தவறு இங்கேதான் ஆரம்பம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எனக்கு இரண்டு ராத்திரி செலவானது.

கோடில் இரண்டு பகுதி. மேலே டேட்டாபேஸிலிருந்து லாட்டுகளை எடுக்கும் வரி. கீழே அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து அட்டவணை போடும் லூப். இரண்டையும் சுற்றி நேரம் குறித்தேன். மேல் வரிக்கு 0.0003 வினாடி, லூப்புக்கு 10.8. குற்றவாளி லூப்தான் என்று முடிவுகட்டி, அதைப் பிரித்து மேய்ந்து திரும்ப எழுதினேன். 10.8 என்பது 10.6 ஆனது. அவ்வளவுதான்.

நான் பயன்படுத்தியது ஜாங்கோ, பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு. அதில் குவெரி எழுதும் வரி, குவெரியை ஓட்டுவதில்லை. "கேட்கும்போது எடுத்துத் தருகிறேன்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி. லூப் முதல் வரியைக் கேட்கும்போதுதான் டேட்டாபேஸுக்கே ஆள் போகிறது. ஆக, குவெரியின் நேரம் முழுக்க லூப்பின் கணக்கில் ஏறியிருந்தது. மேல் வரியை ஒரு லிஸ்டுக்குள் போட்டு, அங்கேயே ஓடும்படி கட்டாயப்படுத்தி மறுபடி அளந்தேன். குவெரி 10.4, லூப் 0.2. விவசாயி எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் (முழு டேபிளையும் புரட்டாமல் தேட உதவும் அடைவு) போட்டேன். மொத்தமே 0.3 வினாடிக்கு இறங்கிவிட்டது.

இந்தச் சோம்பேறித்தனம் ஜாங்கோவுக்கு மட்டும் உள்ளதல்ல. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் பைத்தானின் ஜெனரேட்டர்களும் அப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை அனுப்பினாலும் அதே கதை: உத்தரவு போய்ச் சேர்ந்ததும் உங்கள் கோட் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும், வேலை அங்கே பின்னால் நடந்துகொண்டிருக்கும். பைடார்ச்சில் (இயந்திரக் கற்றலுக்கான பைத்தான் நூலகம்) அளப்பவர்கள், கடிகாரத்தை நிறுத்துவதற்கு முன் கார்டு வேலையை முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் சிங்க்ரனைஸ் அழைப்பைப் போடாவிட்டால், கிடைக்கும் எண் வெறும் உத்தரவு அனுப்பிய நேரம்.

கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். பைத்தானில் டைம்.டைம், ஜாவாவில் கரன்ட்டைம்மில்லிஸ் இரண்டுமே சுவர்க் கடிகாரம். மணி என்ன என்று சொல்வது அவற்றின் வேலை. இணைய நேரத்தோடு ஒப்பிட்டு கம்ப்யூட்டர் தன் மணியைத் திருத்திக்கொள்ளும்போது அவை முன்னாலும் தாவும், பின்னாலும் தாவும். மில்லில் இருப்பது மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர், அணைத்துப் போட்டால் மணி தப்பிவிடும். ஒருநாள் என் லாகில் (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவேட்டில்) ஒரு வேலை மைனஸ் 41 வினாடியில் முடிந்ததாக எழுதியிருந்தது. தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்டது, கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்!

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்தில் ஒரு லீப் வினாடி, அதாவது பூமியின் சுழற்சியோடு பொருத்துவதற்கான கூடுதல் வினாடி, சேர்த்தார்கள். நம்மூரில் அப்போது ஜனவரி 1 காலை 5.30. இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் மென்பொருளில் (இணையதளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றுவது) இரண்டு நேரங்களைக் கழித்தபோது விடை பூஜ்யத்துக்குக் கீழே போய், அதன் ஒரு பகுதி முடங்கியது. அந்த மென்பொருள் எழுதப்பட்ட கோ மொழியில், பின்னோக்கிப் போகாத கடிகாரத்தை நேரக் கணக்கோடு சேர்த்தது அதே 2017இல் வந்த 1.9 பதிப்பில்தான்.

எனவே கால இடைவெளிக்கென்றே இருக்கும் கடிகாரத்தை எடுங்கள். பைத்தானில் பெர்ஃப் கவுன்டர், ஜாவாவில் நானோடைம், பிரவுசரில் பெர்ஃபார்மன்ஸ்.நவ். பைத்தானில் பிராசஸ் டைம் என்று இன்னொன்றும் உண்டு. அது பிராசஸர் உங்களுக்காக உழைத்த நேரத்தை மட்டும் சொல்லும், காத்திருந்ததைச் சேர்க்காது. வேறு சர்வரில் உள்ள டேட்டாபேஸின் பதிலுக்காகப் பத்து வினாடி காத்திருந்த கோட் பகுதியை இதில் அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். கணக்குப் போடும் கோட் பகுதியை ஆராய இது நல்லது, மில்காரரின் கோபத்தை ஆராய உதவாது.

ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு முடிவுக்கு வருவது, நெல் குவியலின் மேலாக ஒரு பிடி அள்ளி ஈரப்பதம் பார்ப்பது மாதிரி. மேலே வெயில் பட்ட நெல் 16 காட்டும், கையை உள்ளே விட்டால் 19 இருக்கும். முதல் ஓட்டத்தில் ஃபைல் டிஸ்கிலிருந்து வருகிறது. இரண்டாவதில் அதே ஃபைல் நினைவகத்திலேயே தயாராக இருக்கிறது. ஜாவாவில் அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திர மொழிக்கு மாற்றுவார்கள், அதனால் முதல் சில ஆயிரம் சுற்று மந்தமாகத்தான் இருக்கும். பலர் முதல் ஓட்டத்தை "சூடாகவில்லை" என்று தள்ளிவிடச் சொல்வார்கள். நான் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை. மில்லில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் மாதக் கணக்கை ஒரே ஒரு முறைதான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆறிப்போன முதல் ஓட்டம்தான் நிஜம். நாள் முழுக்க ஓடும் பில் பகுதிக்குத்தான் சூடான எண் பொருந்தும்.

கரன்ட் கட்டையும் மறக்காதீர்கள். ஒரு மாற்றத்துக்கு முன்னால் 2.1 வினாடி, மாற்றிய பிறகு 3.4. நன்றாக இருந்த மாற்றத்தைத் தூக்கி எறியப் போனேன். பிறகுதான் நடுவில் கரன்ட் போனது நினைவுக்கு வந்தது. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் மெஷின் கொதித்தாலும் இதுவே நடக்கும். பழையது, புதியது இரண்டையும் ஒரே உட்காரலில், சார்ஜரில் போட்டு, மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

மிகச் சின்ன கோட் பகுதியை அளக்கும்போது வேறு தொல்லை. விண்டோஸின் சாதாரணக் கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் நகரும். அதற்குள் முடிகிற வேலைக்கு 0 வரும், அல்லது 15.6 வரும். ஆயிரம், லட்சம் முறை சுற்றவிட்டு வகுப்பதுதான் வழி. பைத்தானில் டைம்இட் இதைச் செய்து தரும். ஆனால் அது அளக்கும்போது குப்பை சேகரிப்பை (வேண்டாத நினைவகத்தை விடுவிக்கும் வேலையை) நிறுத்தி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சி மொழியில் இன்னொரு பொறி: நீங்கள் கணக்கிட்ட விடையை எங்குமே பயன்படுத்தாவிட்டால், கோட்-ஐ இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த லூப்பையே தூக்கிவிடும். வேகம் பிரமாதமாக இருக்கும், வேலைதான் நடந்திருக்காது. அளக்கும் பகுதிக்குள் பிரின்ட் வரி வேண்டாம். எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் புரொஃபைலரும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கொஞ்சம் நேரம் தின்னும். எந்தப் பகுதி கனமானது என்று கண்டுபிடிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வினாடியை, அதை நிறுத்திவிட்டு எடுங்கள்.

சராசரியைப் பற்றி டெல்டாக்காரனுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், பேப்பரில் பூத்தூவும் படமும் வந்துவிடும். வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 100 பில்லில் 95 பில் 0.2 வினாடி, 5 பில் 12 வினாடி என்று வையுங்கள். சராசரி 0.79. பார்த்தால் பரவாயில்லை போலத் தெரியும். அந்த 0.79 யாருக்குமே நடக்கவில்லை. மில்காரர் போன் பண்ணுவது அந்த ஐந்துக்காக. எல்லா எண்ணையும் வரிசைப்படுத்தி, நடு எண்ணையும் 95ஆவதற்கு மேல் உள்ளவற்றையும் தனியாகப் பாருங்கள். இரண்டு கோடில் எது வேகம் என்று ஒப்பிட மட்டும் என்றால், குறைந்தபட்ச நேரத்தை எடுப்பது நல்லது. மற்ற நிரல்களின் குறுக்கீடு அதில்தான் மிகக் குறைவு.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் மில்காரர் கூப்பிட்டார். "மாசக் கணக்கு சல்லுன்னு வருது தம்பி. பில்லுதான் இன்னும் லேட்டு." லாகைப் பார்த்தால் பில்லுக்கு 0.2 வினாடி. இந்த முறை வாதாடவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டேன். பில் போடும் பையன் பக்கத்தில் நின்று, போனில் ஸ்டாப்வாட்சை வைத்து, என்டர் தட்டியதிலிருந்து காகிதத்தைக் கிழிப்பதுவரை பார்த்தேன். 14 வினாடி. மூன்று காப்பி அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு 9. மீதி ஐந்தில் பெரும்பகுதி, "அச்சிடவா?" என்று நான் வைத்திருந்த கேள்விப் பெட்டிக்கு. அதற்கு மவுஸால்தான் ஆம் சொல்ல முடியும். மவுஸ் முழுக்க உமித்தூசி. பையன் அதை வேட்டியில் ஒருமுறை துடைத்து, மேஜையில் இரண்டு தட்டு தட்டி, மூன்றாவது கிளிக்கில்தான் அது கேட்டது.

கேள்விப் பெட்டியை எடுத்துவிட்டேன். கோடில் இரண்டு வரிதான்.