முழு ஆட்டைக் கொத்தாமல் பிரிப்பது எப்படி?

தீபாவளிக்குப் பங்கு ஆடு போடுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. பங்கு என்றால் கொத்தித்தான் ஆக வேண்டும். பத்து வீட்டார் காசு போட்டால் தொடையும் ஈரலும் எலும்பும் பத்து வீட்டுக்கும் சமமாகப் போக வேண்டும். சிறிதாகக் கொத்திக் கலந்து குவித்தால்தான் முணுமுணுப்பு வராது. ஆனால் ஒரு முழு ஆட்டை ஒரே வீட்டுக்கு வாங்கிவிட்டு, அதையும் "நானா, கொத்தித் தாங்க" என்று கடையிலேயே கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்காது. கழுத்து இறைச்சி வேக இரண்டு மணித்தியாலம் பிடிக்கும், முதுகுத் தசைக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் ஏதாவது ஒன்று கெட்டுத்தான் போகும்.

"மானுக்கும் இப்படித்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. திருகோணமலையில் பிரட்றிக் கோட்டைக்குள்ளே, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி அது. இலங்கையில் மானை வேட்டையாடுவதும் இறைச்சியை விற்பதும் குற்றம். 1937ஆம் ஆண்டே வனசீவராசிகளுக்கென்று கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே இங்கே ஆடுதான். ஆனால் எலும்பமைப்பில் ஆட்டுக்கும் மானுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிநாட்டில் உரிமத்தோடு வேட்டையாடுகிற மச்சான்மாருக்கும் இதே முறைதான். அவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை கடைசியில் இருக்கிறது.

வாங்கும்போது

அறுப்பதையும் தோல் உரிப்பதையும் உரிமம் உள்ள கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள், அது வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை அல்ல. குடல், ஈரல், தலை, கால் எல்லாம் தனியாக வாங்கிக்கொண்டு உடலை முழுதாகக் கேளுங்கள். நடுவே பிளக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஈரமான இறைச்சி நம்மூர் வெக்கைக்குச் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும். மயிர் ஒட்டியிருந்தால் சுத்தமான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கிடாய் என்றால் காயடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். காயடிக்காத கிடாயின் வீச்சத்துக்குப் பெரும் காரணம் கொம்படியில் இருக்கிற சுரப்பி. அந்த வாடை தோலிலும் மயிரிலும் ஒட்டியிருக்கும். தலையையோ தோலையோ தொட்ட கையை சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் இறைச்சியில் வைக்காதீர்கள்.

கத்தி

ஆறு அங்குலக் கத்தி ஒன்று, வளையாததாக. மீன் கத்தி பெரிது, மூட்டுக்குள் நுனி போகாது. தீட்டுகிற கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இடையிடையே இரண்டு இழுப்பு இழுங்கள். இரும்பு அறுக்கிற வாளும் ஒன்று, புது பிளேட் போட்டு, கொதிநீரில் கழுவி. கொத்துக்கத்தியை நான் குசினிக்குள்ளேயே எடுப்பதில்லை. அது எலும்பை வெட்டுவதில்லை, நொறுக்குகிறது. குழந்தைகள் சாப்பிடும்போது தொண்டையில் குத்துகிற சில்லெல்லாம் அதன் வேலைதான். புளியமரக் கட்டை இருந்தால் அதைவிட நல்லது இல்லை. பிளாஸ்டிக் பலகை என்றால் கீழே ஈரத்துணி விரித்து வையுங்கள், வழுக்காது.

முன்னங்கால்

இது மிகச் சுலபம். ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு சதையால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெளிப்பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் கக்கத்துக்குள் வெள்ளைச் சவ்வு இழுபட்டுத் தெரியும். அதைக் கத்தி நுனியால் தொட்டுக்கொண்டே போனால் தோள்பட்டையோடு கால் கையில் வந்துவிடும். எலும்பு எங்கும் தடுக்காது. தடுத்தால் விலாவுக்குள் போகிறீர்கள் என்று அர்த்தம்.

பின்னங்கால்

எல்லோரும் வாளைத் தேடுவது இந்த இடத்தில்தான். தேவையே இல்லை.

முதலில் ஆட்டை மல்லாத்தி, வயிற்றுக்குள்ளே முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற நீளமான சின்னத் தசைகளை எடுத்துவிடுங்கள். உடம்பிலேயே மெத்தென்ற இறைச்சி அதுதான். காலைக் கழற்றிய பிறகு தேடினால் பாதி அறுபட்டுக் கிடக்கும்.

இனி தொடையின் உள்பக்கம், இடுப்பெலும்பை ஒட்டினாற்போல் ஒரு கீறல். கீறியதும் வெட்டுவதை நிறுத்திவிட்டு, முழங்காலைப் பிடித்து மேசையை நோக்கி அமுக்குங்கள். பந்துமூட்டு வாய் திறக்கும். வெள்ளையாய், வழவழவென்று, பெரிய கோலிக்குண்டு மாதிரி எலும்பின் தலை எட்டிப் பார்க்கும். கிண்ணத்துக்குள் அதைக் கட்டிப் பிடித்திருக்கிற சின்ன நாணைக் கத்தி நுனியால் தொட்டு அறுத்தால் கால் சட்டென்று தளர்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது பின்பக்கச் சதை. வாலை நோக்கி இடுப்பெலும்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த எலும்பு நேராக இருக்காது, மேடும் பள்ளமுமாகத் திரும்பும். கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். கத்தி நுனி எலும்பில் சர்ர் என்று உரசிக்கொண்டே போக வேண்டும். சத்தம் நின்றால் சதைக்குள் இறங்கிவிட்டீர்கள், திரும்ப எலும்புக்கு வாருங்கள். முதல் காலுக்கு நேரம் எடுக்கும், அடுத்தது பாதி நேரத்தில் முடியும்.

முதுகு, விலா, கழுத்து

முள்ளந்தண்டின் இருபுறமும் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு நீளக் கீறல் போட்டு, விலாவின் மேல் படுத்திருக்கிற தசையை முழு நீளத்துக்கும் உருவி எடுங்கள். இதைக் குழம்பில் போடுவது பாவம். மிளகும் உப்பும் தடவிச் சூடான தாச்சியில் பிரட்டி எடுத்தால் போதும். விலா பதின்மூன்று சோடி. நெஞ்செலும்பின் ஓரம் குருத்தெலும்பு என்பதால் கத்திக்கே விட்டுக் கொடுக்கும். முதுகுப் பக்கத்துக்கு மட்டும் வாள். கழுத்தை இரண்டு எலும்புக்கு நடுவே கத்தி விட்டுத் திருகினால் கழன்று வரும்.

தோளுக்கு முன்னாலும், பின்தொடையில் முழங்காலுக்குப் பின்பக்கக் கொழுப்புக்குள்ளும் சாம்பல் நிறத்தில் அவரைக்கொட்டை அளவில் உருண்டையாக ஒன்று இருக்கும். நிணநீர்க் கணு அது. சுற்றியுள்ள கொழுப்போடு தோண்டி எறியுங்கள். வெளிக் கொழுப்பையும் பாதிக்கு மேல் எடுத்துவிடலாம், ஆட்டுக் கொழுப்பு ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும்.

உடனே பிறீசரில் போடாதீர்கள்

அறுத்த சூடு ஆறாத இறைச்சியைப் பொலித்தீன் பையில் கட்டி பிறீசருக்குள் அமுக்குவது பல வீட்டுப் பழக்கம். அப்புறம் "ஆடு முற்றல்" என்று கடைக்காரருக்குத் திட்டு. தசை விறைத்து அடங்குவதற்கு முன்பே கடும் குளிர் பட்டால் அது சுருண்டு இறுகிவிடும். எவ்வளவு நேரம் அவித்தாலும் பழைய மென்மை வராது. அதற்காக வெளியிலேயே தொங்கவிடவும் முடியாது, நம்மூர் வெக்கைக்குக் கிருமி பெருகிவிடும்.

நான் செய்வது இதுதான்: காலையில் வாங்கி, உடனே பெரிய துண்டுகளாக மட்டும் பிரித்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, சுத்தமான துணியால் மூடி ஒரு இரவு வைப்பேன். சிறு துண்டு போடுவதும் பிறீசரில் வைப்பதும் மறுநாள்தான். முதல் நாள் சமையலுக்கு ஈரலும் குடலும் காணும்.

பிரிட்ஜில் இடம் இல்லையென்றால் மீன்காரர்கள் பாவிக்கிற ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் இருக்கிறதே. பெட்டியின் அடியில் ஓட்டை திறந்திருக்கட்டும், இறைச்சி பைக்குள் இருக்கட்டும். உருகிய தண்ணீரில் ஊறினால் நிறமும் போகும், ருசியும் போகும்.

பை ஒவ்வொன்றும் ஒரு நேரச் சமையலுக்கு வேண்டிய அளவு இருக்கட்டும். காற்றை அமுக்கி எடுத்து, எந்த இடத்து இறைச்சி, என்ன திகதி என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாவிட்டால் இரண்டு மாதத்துக்குப் பிறகு எல்லாப் பையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வத்தல் போடுவதானால்

தொடையில் மிஞ்சியதை விரல் தடிப்பில், நார் ஓடுகிற திசையிலேயே நீளமாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் மிளகும் பிசறிக் கம்பியில் தொங்கவிடலாம். கச்சான் காற்று, அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில்தான் இது சரிவரும். தீபாவளிக் காலம் திருகோணமலையில் மழைக்காலம், வெளியே போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது விறகடுப்புக்கு மேலே புகையில் கட்டுவதுதான் வழி. இலையான் மொய்க்காமல் நுளம்பு வலையால் மூடுங்கள். வளைத்தால் வெடிக்கிற பதம் வரவேண்டும். காய்ந்தாலும் அப்படியே மெல்ல வேண்டாம், ஊறவைத்து நன்றாக அவித்துத்தான் சமைக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: கனடாவில் மான் வெட்டுகிறவர்களுக்கு

இதை வாசித்துவிட்டு அங்கிருந்து சிலர் கேட்டதால் எழுதுகிறேன். பின்னங்காலின் உள்பக்கம், கணுக்கால் மூட்டருகே மயிர் கற்றையாக நிற்கிற இடத்தில் மானுக்கு வாடைச் சுரப்பி உண்டு. தோல் உரிக்கும்போது அதை அறுக்காதீர்கள், தொட்ட கத்தியைக் கழுவாமல் பாவிக்காதீர்கள்.

எச்சரிக்கை என்றது இதைத்தான். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் பக்கத்து மான்களுக்கு உடல் மெலிந்து சாகிற மூளை நோய் ஒன்று பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையினரின் அறிவுரை. அந்த நோய்க்கூறு மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் அதிகம் தங்கும், அவித்தாலும் அழியாது. ஆகவே மானில் வாளை எடுக்கவே வேண்டாம். முள்ளந்தண்டை அறுக்காமல், மேலே சொன்னபடி கத்தியால் சதையை மட்டும் உருவி எடுங்கள். கையுறை போடுங்கள். தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அந்த மானின் பைகளைத் தனியாகக் குறித்து பிறீசரில் வையுங்கள்.