பழைய சைக்கிளில் மூன்று கியர் ஹப் பொருத்துவது எப்படி? மலைப்பாதைக்கான செய்முறை

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வீடுகள் சிலவற்றில் பழைய 28 அங்குல இரும்புச் சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்தபடி துருவேறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஃபிரேமில் குறை இராது. ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை என்பதற்காகவே ஓரங்கட்டப்பட்டிருக்கும். அதன் பின்சக்கரத்தில் உட்கியர் ஹப் ஒன்றை, அதாவது கியர்களைத் தனக்குள்ளேயே கொண்ட சக்கர நடுப்பகுதியை, பொருத்திவிட்டால் அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரலாம். பல்சக்கரங்கள் யாவும் ஹப்பின் வயிற்றுக்குள் மூடிக் கிடப்பதால் மழையும் தேயிலைத் தோட்டச் சேறும் அவற்றைத் தொடுவதில்லை என்பது நீலகிரிக்கு மிகவும் பொருந்தும் வசதி.

இங்கே ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வகை மூன்று கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஆக்சிலில், அதாவது நடு அச்சில், 20 பல் கொண்ட சிறு சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றிச் சிறு சக்கரங்களும் அவற்றை வளைத்து 60 பல் வளையமும் சுழல்கின்றன. இதனால் செயின் சுற்றும் பல்சக்கரத்தைவிட முதல் கியரில் சக்கரம் 25 விழுக்காடு மெதுவாகவும், இரண்டில் அதே வேகத்திலும், மூன்றில் 33 விழுக்காடு வேகமாகவும் சுற்றும்.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளைப் பாருங்கள். முதலாவது, ரிம்மின் துளைகள். நம் பழைய சைக்கிள்களின் பின் ரிம்மில் பெரும்பாலும் 40 துளைகள் இருக்கும். கடைகளில் கிடைக்கும் ஹப்களோ 36 துளை கொண்டவை. ஆகவே 36 துளை ரிம் ஒன்றும் புதிய போக்ஸ் கம்பிகளும் தேவைப்படும். இரண்டாவது, பின்ஃபோர்க்கின் உட்புற அகலம். ஹப் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் இரும்பு ஃபோர்க்கைக் கையால் விரித்து நுழைத்துவிடலாம். அலுமினிய ஃபிரேமை ஒருபோதும் விரிக்கக் கூடாது. மூன்றாவது, ஆக்சில் உட்காரும் காடி. அது குறுகலாக இருந்தால் அரத்தால் சிறிது ராவவேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்கவேண்டியது ஹப்பில் மாட்டும் பல்சக்கரத்தைப் பற்றித்தான். பெடல் பக்கம் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். அதே 18 பல்லை ஹப்பிலும் மாட்டினால் முதல் கியர் 1.83 ஆகும், நம் ஏற்றங்களுக்கு அது போதாது. 22 பல் மாட்டினால் மூன்று கியர்களும் 1.5, 2, 2.67 என்று அமையும். முதல் கியரில் மிதி வெகுவாக இலகுவாகிறது. மூன்றாம் கியரோ பழைய ஒற்றைக் கியரைவிடச் சற்று வேகமாகவே இருக்கிறது. எனவே இழப்பு எதுவுமில்லை. ஆனால் இரண்டாம் கியரில் விகிதம் 2-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அதற்குமேல் இலகுவாக்கினால் ஹப்பின் உள்பற்கள் தாங்கவேண்டிய முறுக்கு கூடிவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12-க்கு 1 என்ற சரிவில் ரயிலே பல் தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. நாம் சில வளைவுகளில் இறங்கித் தள்ளினால் வெட்கம் ஒன்றுமில்லை.

கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கும் வேலையை அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஹப்பையும் ரிம்மையும் அவர் கையில் கொடுத்து, அளந்த பிறகே கம்பி வாங்கச் சொல்லுங்கள்.

சக்கரம் தயாரானதும் பல்சக்கரத்தை ஹப்பின் மூன்று காடிகளில் உட்காரவைத்து, வளைய கிளிப்பைச் சுற்றிலும் அமர்த்துங்கள். சக்கரத்தை ஃபோர்க்கில் நுழைத்து, ஆக்சில் சுழலாமல் தடுக்கும் வாஷர்களைக் காடிக்குள் பல் பதியுமாறு மாட்டுங்கள். முதல், மூன்றாம் கியர்களில் மிதிக்கும் விசை ஆக்சிலையே திருப்பப் பார்க்கும் என்பதால் இந்த வாஷர்களை விட்டுவிடக் கூடாது. பல்சக்கரம் பெரிதானதால் செயினில் ஒரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம். நடுவில் அழுத்தினால் செயின் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசையுமாறு சக்கரத்தை இழுத்துவைத்து, நட்டுகளை நன்றாக முடுக்குங்கள்.

இனி கேபிள். வலப்பக்க ஆக்சிலுக்குள், கியர் மாற்றக் கேபிள் இழுக்கும் சிறு சங்கிலியை விரலால் முழுவதும் திருகி, கேபிளின் திசைக்கு நேராக வரும்வரை அரைச் சுற்றுக்கு மேற்படாமல் பின்னால் திருப்புங்கள். கேபிளை இணைத்து, லீவரை இரண்டாம் கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டின் துளை வழியாகப் பார்த்தால், சங்கிலி பொருந்திய கம்பியின் தோள்பகுதி ஆக்சிலின் முனைக்குச் சமமாக நிற்கவேண்டும். உள்ளே இருந்தாலும் வெளியே நீண்டாலும் கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியால் சரிசெய்து பூட்டு நட்டை இறுக்குங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். பழைய ஹப்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பிடிப்பே இல்லாத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே சிக்கினால் பெடல் சட்டென்று காலியாகச் சுற்றி ஆள் விழ நேரிடும்.

சோதிக்கும்போது இரண்டிலும் மூன்றிலும் 'டிக் டிக்' என்று ஓசை வரும். முதல் கியரில் மிதிக்கையில் வராது. இது கோளாறன்று. கியர் மாற்றும் கணத்தில் மிதியைச் சற்று நிறுத்துங்கள். சில நாள் ஓட்டிய பின் கேபிள் நீண்டிருக்கும் என்பதால் அளவை மறுபடி பாருங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல்: பெடலைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் வகை ஹப்பை மலையில் தவிர்த்துவிடுங்கள், நீண்ட இறக்கத்தில் அது சூடேறி உள்ளிருக்கும் கிரீஸைக் கெடுத்துவிடும். புதிய ரிம் அலுமினியமாக இருந்தால் பழைய கம்பி பிரேக் அதற்குப் பொருந்தாது. ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும் பிரேக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விடும் துளை உள்ள ஹப்பில் அவ்வப்போது சில துளி மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஊட்டிக் குளிரில் பாட்டிலிலேயே உறைவது ஹப்புக்குள்ளும் உறைந்து, விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் சிறு கொக்கிகளை ஒட்டவைத்துவிடும். துளையில்லாத புதிய ஹப்களில் கிரீஸ் இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடைக்காரரைக் கொண்டு பிரித்துத் துடைத்துப் பூசிக்கொள்ளலாம்.